பதினொருவர் தம் பெயரைப் பாடியது

ஏலப்பாறை,
10-6-1977

மதிப்பிற்குரிய திரு. நாச்சிமுத்து அவர்களுக்கு,

தேயிலைத் தோட்டத்துப் பிள்ளைக் காப்பகத்திலிருந்து ஞானஜோதி எழுதுவது. தாங்களும் தங்கள் ஒலிப்பதிவுக் கருவியும் பொள்ளாச்சி வழியாகப் பழுதின்றி ஊர் சேர்ந்த செய்தியை அஞ்சலட்டையில் கண்டேன். அதன் பிறகு எதுவும் வரவில்லை. இரண்டு வாரத்தில் எழுதுவதாகச் சொல்லிச் சென்றீர்கள். மே எட்டாம் தேதி ஞாயிற்றுக்கிழமை நாங்கள் பாடினோம். இன்றோடு முப்பத்து மூன்று நாள். வானொலி பழுதுபார்க்கும் கடையையும் நடத்திக்கொண்டு, வீட்டிலேயே ஓர் இசைத்தட்டையும் உருவாக்குகிறவருக்கு ஓய்வு குறைவு என்பதை அறிவேன். ஆகவே இதை நினைவூட்டல் என்று மட்டும் கொள்ளவும்.

தாங்கள் இதை ராக் ஆப்பரா என்கிறீர்கள். வசனமே இல்லாமல், ஒரு கதை முழுவதையும் கிதாரும் டிரம்முமாகப் பாடியே சொல்லி முடிப்பது என்று விளக்கினீர்கள். நான் அதை இசைக்காவியம் என்றே குறிப்பிட விரும்புகிறேன். ஐந்தாம் வகுப்போடு பள்ளியை விட்டவள் தொட்டிலை ஆட்டிக்கொண்டே எழுதியதற்கு அந்தப் பெயர் பெரிது என்று எவரேனும் கருதினால், அவர் முதலில் பாட்டுகளை வாசிக்கட்டும்.

இக்கடிதத்தின் காரணம் வேறு. நம் கதையில், கம்பம்மெட்டு வழியாக நடந்து மலையேறி வந்த பேச்சியம்மாளுக்கு, காலையில் ஆள் கணக்கெடுக்கும் பிரட்டில் கங்காணி எண்பத்தாறு என்ற எண்ணைக் கொடுத்துவிடுகிறான். முப்பது ஆண்டுகள் ஒருவரும் அவளைப் பெயரால் அழைப்பதில்லை. கடைசிப் பாட்டில் எண்ணைக் கூப்பிடும்போது அவள் “பேச்சியம்மாள் வந்திருக்கிறேன்” என்று பதில் சொல்கிறாள். இவ்வளவும் என் கற்பனை. ஆனால் அவளைத் தொடர்ந்து பதினொரு பெண்கள் ஒருவர் பின் ஒருவராகத் தம் பெயரைப் பாடுகிறார்களே, அது கற்பனை அன்று. கொழுந்து கிள்ளி, கூடையை எடையில் வைத்துவிட்டு, பிள்ளையைத் தூக்கிப்போக என்னிடம் வருகிறவர்களின் உண்மையான பெயர்கள் அவை. முதலில் மாரித்தாய் மறுத்ததைத் தாங்களே கேட்டீர்கள். “எம் பேர்ல என்னக்கா இருக்கு, பாட்டுல வைக்க?” என்றவள், பாடி முடித்ததும் இன்னொரு தடவை பாடட்டுமா என்று கேட்டாள்.

இப்போது தினமும் மாலையில் எனக்கு விசாரணை நடக்கிறது.

“யக்கா, பாலக்காட்டுக்காரரு எழுதுனாகளா?”

“இல்லை.”

“எங்கள அந்தப் பெட்டிக்குள்ள வச்சுப் பூட்டிக்கிட்டுப் போயிட்டாகளோ?”

பின்னது சந்தனம் கேட்டது. அவளுக்கு வாய் அதிகம்.

இசைத்தட்டின் அட்டையில் பதினொருவர் பெயரும் அச்சாகும் என்று தங்கள் முன்னிலையில் அவர்களுக்கு வாக்களித்திருக்கிறேன். பெயர்ப் பட்டியலை இணைத்துள்ளேன். ஆர்மோனியம் வாசித்த புஷ்பமேரியும் பதினொருவரில் ஒருத்தி. அவள் பெயரை இரண்டு இடத்தில் போடுவது முறை.

இங்ஙனம்,
ஞானஜோதி

*

கொழிஞ்சாம்பாறை,
22-6-1977

அன்புள்ள ஞானஜோதி அம்மாவுக்கு,

கடிதம் கிடைத்தது. தாமதத்திற்கு மன்னிக்க வேண்டும். இங்கேயும் மழைதான். பாலக்காட்டுக் கணவாயில் காற்று தொடங்கிவிட்டால் எந்த வீட்டு ஏரியலும் நேராக நிற்பதில்லை. கடையில் நிற்க இடமில்லை.

டிரம் வாசித்த சூசையப்பன் இம்மாதம் இரண்டாம் தேதி மஸ்கட்டுக்கு வேலைக்குப் போய்விட்டார். நல்லவேளையாக எங்கள் வாத்தியப் பகுதிகள் முழுவதையும் அதற்கு முன்பே பஞ்சு குடோனில் பதிந்து முடித்திருந்தோம். என்னிடம் இருப்பது ஒரே ஒரு கருவி. அதனால் நீங்கள் பாடியது ஒரு நாடா, நாங்கள் வாசித்தது வேறொரு நாடா. இரண்டையும் தேவையான இடத்தில் கத்தரித்து, அடுத்தடுத்து ஒட்ட வேண்டும். குரல் முடிகிற இடத்தில் கிதார் பிடித்துக்கொள்ளும். கிதார் முடிகிற இடத்தில் குரல். அந்த ஒட்டு வேலையில்தான் இத்தனை நாள் போனது.

சில மாற்றங்கள் செய்ய வேண்டி வந்தது. விவரமாகப் பிறகு எழுதுகிறேன்.

தட்டு அடித்துத் தருகிற பம்பாய்க் கம்பெனிக்கு ஆகஸ்டு இருபதுக்குள் நாடா போய்ச் சேர வேண்டும். தவறினால் அடுத்த வாய்ப்பு எப்போது என்று சொல்ல முடியாது என்கிறார்கள். அட்டையின் மாதிரியைத் தட்டச்சு செய்து அனுப்பியிருக்கிறேன். எழுத்துப்பிழை மட்டும் பார்த்துத் திருப்பி அனுப்பினால் போதும். மற்றதை நான் பார்த்துக்கொள்கிறேன்.

எல்லோரையும் விசாரித்ததாகச் சொல்லவும்.

அன்புடன்,
நாச்சிமுத்து

*

ஏலப்பாறை,
29-6-1977

திரு. நாச்சிமுத்து அவர்களுக்கு,

எழுத்துப்பிழையை மட்டும் பார்க்கச் சொன்னீர்கள். பார்த்தேன். எழுத்துப்பிழை எதுவும் இல்லை.

‘பாடல்கள்: ஞானஜோதி’ என்று ஒரு வரி. அதன் கீழ் ‘பாடியவர்கள்: கமலாத்தாள் குழுவினர்’ என்று ஒரு வரி. கமலாத்தாள் என்பவர் யாரென்று நான் அறியேன். நான் பாடியது மூன்று பாட்டு. பெண்கள் என்னோடு பாடியது அம்மூன்றும். அவற்றைத் தாங்கள் ‘சில மாற்றங்கள்’ என்ற சொல்லுக்குள் அடக்கியிருக்கிறீர்கள்.

என் குரலை நீக்கியது குறித்து நான் வாதாடப்போவதில்லை. குரலுக்குரியவள் அதற்காக வாதாடுவது அழகன்று. ஒன்றை மட்டும் தெரிவிக்கவும். கடைசிப் பாட்டில் வரும் பதினொரு பெயர்களையும் அந்த அம்மையாரா பாடியிருக்கிறார்? கொழிஞ்சாம்பாறையில் ஒருவர் நின்றுகொண்டு, தம்மை மாரித்தாய் என்றும், சந்தனம் என்றும், சாந்தம்மாள் என்றும் சொல்லியிருக்கிறாரா?

ஆம் எனில், முப்பது ஆண்டுகள் எண்ணால் அழைக்கப்பட்டவள் தன் பெயரைத் தானே சொல்வதற்காக எழுதிய பாட்டை, வேறொருவரைக் கொண்டு சொல்ல வைத்திருக்கிறீர்கள். கங்காணிகூட அவளிடமிருந்து பெயரை வாங்கிக்கொண்டானே தவிர, அதை இன்னொருத்திக்குக் கொடுக்கவில்லை.

எனக்குத் திருப்தியான விளக்கம் கிடைக்கும் வரை என் பாடல்களைப் பம்பாய்க்கு அனுப்ப நான் இசையவில்லை. மாதிரி அட்டையைத் திருத்தமின்றி இத்துடன் அனுப்புகிறேன்.

ஞானஜோதி

*

கொழிஞ்சாம்பாறை,
7-7-1977

அன்புள்ள ஞானஜோதி அம்மாவுக்கு,

அன்றைக்கே எழுதியிருக்க வேண்டும். எழுதத் துணிவில்லை. இப்போது உள்ளதை உள்ளபடி எழுதுகிறேன்.

ஐந்து கட்டைச் சுருதியில் பாட வேண்டும் என்று நாம் பேசி வைத்தோம். எங்கள் கிதார் ஐந்தில் இருக்கிறது. உங்கள் நாடாவை இங்கே ஓட்டினால் நீங்கள் எல்லோரும் ஐந்தரையில் இருக்கிறீர்கள். ஒட்டு வரும் ஒவ்வொரு இடத்திலும், படி ஒன்று உயரமாக இருந்தால் கால் தடுக்குமே, அப்படித் தடுக்குகிறது. ஆர்மோனியமும் உங்களோடு சேர்ந்தே ஏறியிருக்கிறது. மலைக் குளிரில் அதன் உள்ளே ஏதோ இறுகிப்போய் சுருதி மாறியிருக்கும், நீங்கள் அதைப் பின்பற்றிப் பாடிவிட்டீர்கள் என்று நினைத்தேன்.

குடோனில் நாலு நண்பர்களுக்குப் போட்டுக் காட்டினேன். “ஏனுங் நாச்சிமுத்து, பள்ளிக்கொடத்துப் புள்ளைங்களயா கூட்டியாந்து பாட வெச்சீங்?” என்று ஒருவர் கேட்டார். மற்றவர்கள் சிரித்தார்கள். எனக்கு முகத்தில் அடித்தது போல் இருந்தது.

பதற்றத்தில் வேகமாகவும் பாடியிருக்கிறீர்கள். முதல் பாட்டு மூன்று நிமிடம் ஐம்பத்தைந்து வினாடி, இரண்டாவது ஐந்து நிமிடம் ஒரு வினாடி, மூன்றாவது மூன்று நிமிடம் பதினாறு வினாடி என்று அளந்தேன். ஒத்திகையில் இவ்வளவு ஓடவில்லை.

கிதாரும் டிரம்மும் ஒரே நாடாவில் இருக்கின்றன. சூசையப்பன் மஸ்கட்டில். வாத்தியத்தை மாற்ற வழியில்லை என்பதால் குரலை மாற்றினேன்.

கமலாத்தாள் கோயம்புத்தூர்ப் பக்கம் மெல்லிசைக் கச்சேரிகளில் பாடுகிறவர். இரண்டு தங்கைகளோடு பஸ்ஸில் வந்து ஒரே நாளில் பாடிக் கொடுத்தார். நீங்கள் கேட்டதற்குப் பதில்: ஆமாம், பதினொரு பெயரையும் அவர்கள் மூவரும்தான் பாடினார்கள். அந்த இடத்தில் அவர் நிறுத்திவிட்டு, “இதெல்லாம் ஆரு பேருங்க?” என்று கேட்டார்.

“மலையில பாடுன பொம்பளைங்க பேருங்க.”

“அப்பொறம் அவிய பேர நானெதுக்குங்க சொல்றது? அவியளே சொல்லோணுமல்லங்க?”

நேரமாகிறது, பாடுங்க அம்மிணி என்றேன். பாடினார். அதற்குப் பிறகு சாப்பிடாமலே பஸ் ஏறிவிட்டார்.

இதை உங்களிடம் மறைத்தது தவறு. ஆனால் தட்டு என்று ஒன்று வெளிவர வேண்டுமானால் எனக்கு வேறு வழி தெரியவில்லை. உங்களுக்குத் தெரிந்தால் சொல்லுங்கள்.

நாச்சிமுத்து

*

ஏலப்பாறை,
16-7-1977

மதிப்பிற்குரிய திரு. நாச்சிமுத்து அவர்களுக்கு,

தங்கள் கடிதத்தை முதல் முறை கோபத்தோடும், இரண்டாம் முறை அவமானத்தோடும், மூன்றாம் முறை ஒரு பென்சிலோடும் வாசித்தேன். மூன்றாவது வாசிப்புதான் பயன்பட்டது.

தட்டின் ஒரு பக்கத்தில் இருபது நிமிடத்துக்கு மேல் இடமில்லை, ஆகவே நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள் என்று ஒலிப்பதிவன்று தாங்கள்தான் சொன்னீர்கள். காப்பகத்துச் சுவரில் இருக்கும் சாவி கொடுக்கும் கடிகாரத்தைப் பார்த்து, குழந்தைகளின் பால் கணக்கு எழுதும் நோட்டின் பின்பக்கத்தில் நான் குறித்திருக்கிறேன். முதல் பாட்டு நான்கு நிமிடம் பத்து வினாடி. இரண்டாவது ஐந்து நிமிடம் இருபது. மூன்றாவது மூன்று நிமிடம் இருபத்தெட்டு.

தங்கள் அளவையும் என் அளவையும் அருகருகே வைத்து வகுத்துப் பார்த்தேன். மூன்று பாட்டிலும் ஒவ்வொரு நூறு வினாடிக்கும் ஆறு வினாடி குறைகிறது. முதல் பாட்டில் ஆறு, இரண்டாவதில் ஆறு, மூன்றாவதிலும் ஆறு. பன்னிரண்டு பெண்களுக்குப் பதற்றம் வரலாம். ஆனால் பதற்றம் இவ்வளவு ஒழுங்காக வராது.

ஆகவே ஓடியது நாங்கள் அல்லோம், நாடா. இங்கே மெதுவாகச் சுற்றியது தங்கள் ஊரில் வேகமாகச் சுற்றுகிறது. வேகம் கூடினால் சுருதியும் கூடும் அல்லவா? கிணற்று ராட்டினத்தை வேகமாக இழுத்தால் அதன் கிறீச்சொலி உயர்வதை நான் கவனித்திருக்கிறேன். இயற்பியல் நான் படித்ததில்லை; தவறாயின் திருத்தவும்.

காரணத்தையும் தேடினேன். காப்பகத்துக்கு மின்சாரம் வருவது தோட்டத்துத் தேயிலைத் தொழிற்சாலையின் சொந்த எஞ்சினிலிருந்து. அதை ஓட்டும் பெரியமுத்து அண்ணாச்சியிடம் போய்க் கேட்டேன்.

“அண்ணாச்சி, நாங்க பாடுன ஞாயித்துக்கெழம கரண்டு எப்படி இருந்துச்சு?”

“எப்படி இருக்கும்? கொழுந்து மலையாக் குமிஞ்சு கெடந்துச்சுன்னு அன்னைக்கு லீவு இல்லாம ஓட்டுனோம்ல. ரோலர் அத்தனையும் ஒரே நேரத்துல போட்டாக. எஞ்சின் மூச்சு வாங்கிருச்சு. அம்பதுல நிக்கிற முள்ளு நாப்பத்தேழுல கெடந்துச்சு.”

“அது என்ன முள்ளு?”

“கரண்டு செகண்டுக்கு எத்தன தடவ துடிக்கின்னு காட்டுத முள்ளு.”

“துடிப்பு கொறஞ்சா என்ன ஆகும்?”

“ஒண்ணும் ஆகாது தாயி. மோட்டாரெல்லாம் கொஞ்சம் மெல்லச் சுத்தும். அம்புட்டுத்தேன். தேயிலைக்குத் தெரியவா போகுது?”

தேயிலைக்குத் தெரியாது. ஐம்பதில் மூன்று குறைவது நூற்றுக்கு ஆறு. மேற்கொண்டு விளக்குவது தங்களுக்கு அவமதிப்பாகும். தாங்கள் வானொலி பழுதுபார்ப்பவர்.

பெண்களிடம் நான் இதுவரை எதையும் சொல்லவில்லை. மழையால் தாமதம் என்று சொல்லி வைத்திருக்கிறேன். பொய் சொல்வது எனக்குப் புதிதன்று. பதினொரு பேரிடம் ஒரே மாலையில் சொல்வது புதிது. அதை மெய்யாக்கும் பொறுப்பு இனி தங்களுடையது. ஆகஸ்டு இருபதுக்கு இன்னும் முப்பத்தைந்து நாள் இருக்கிறது.

இங்ஙனம்,
ஞானஜோதி

*

கொழிஞ்சாம்பாறை,
27-7-1977

அன்புள்ள ஞானஜோதி அம்மாவுக்கு,

உங்கள் கடிதம் வந்தபோது ஒருவருடைய ரேடியோவைப் பிரித்து வைத்திருந்தேன். அதை அப்படியே விட்டுவிட்டு உட்கார்ந்துவிட்டேன். பதினான்கு வருடமாக இந்தத் தொழிலில் இருக்கிறேன். அன்றைக்கு மலையில் வோல்ட்டேஜ் குறையும் என்று பயந்து ஸ்டெபிலைசர் கொண்டுவந்தேன். வோல்ட்டேஜை நாலு தடவை அளந்தேன். துடிப்பை அளக்க வேண்டும் என்று தோன்றவே இல்லை. பதிந்ததை அங்கேயே ஓட்டிக் கேட்டோமே, அப்போது சரியாகத்தானே இருந்தது! பதிந்ததும் அதே மின்சாரம், ஓட்டியதும் அதே மின்சாரம். மலையை விட்டு இறங்கியதும்தான் பிழை பிறந்தது. அதை நான் உங்கள் தொண்டைமேல் போட்டேன். புஷ்பமேரியின் ஆர்மோனியத்துக்குக் குளிர்க்காய்ச்சல் என்றும் சொன்னேன்.

மறுநாளே கோயம்புத்தூர் போனேன். கருவியின் மோட்டார்த் தண்டில் ஒரு சிறு சக்கரம் உண்டு. அதைவிடக் கொஞ்சம் சிறியதாக இன்னொன்று கடைந்து போட்டால் நாடா மெதுவாக ஓடும். லேத் பட்டறைக்காரர், “எத்தனைங்க கொறைக்கோணும்?” என்றார். “நூத்துக்கு ஆறுங்க.” “அளவெடுத்தது ஆருங்க, எஞ்சினியருங்களா?” “ஏலப்பாறையில ஒரு அம்மாங்க.” அவர் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டுக் கடைந்து கொடுத்தார். மூன்றாவது சக்கரம்தான் சரியாக வந்தது.

ஒரு நண்பரிடம் இரண்டாவது கருவி இரவல் வாங்கி, புதுச் சக்கரத்தோடு உங்கள் நாடாவை மெதுவாக ஓட்டி அதில் மறுபடி பதிந்தேன். ஆர்மோனியம் ஐந்து கட்டையில் வந்து நின்றது. பள்ளிப் பிள்ளைகள் போய்விட்டார்கள். பாடுகிறவர்கள் வேலை செய்கிற பெண்கள் என்று இப்போது குரலிலேயே தெரிகிறது. முதல் பாட்டை ஒட்டினேன். நீங்கள் முடித்த இடத்தில் கிதார் தடுக்காமல் இறங்கியது. இரண்டாவதும் அப்படியே. அன்றைக்குச் சிரித்த நண்பரைக் கூப்பிட்டு மூன்று பாட்டையும் போட்டுக் காட்டினேன். கடைசியில், “இந்தச் சந்தனம்ங்கறது ஆருங்க? நல்ல தைரியமான கொரலுங்” என்று மட்டும் கேட்டார்.

மூன்றாவது பாட்டும் பெரும்பாலும் சரியாக வந்திருக்கிறது. மீதியை நேரில் வரும்போது சொல்கிறேன்.

அட்டையைத் திருத்திவிடுகிறேன். பதினொரு பெயரும் வரும். கமலாத்தாளிடம் எப்படிச் சொல்வது என்றுதான் தெரியவில்லை.

அன்புடன்,
நாச்சிமுத்து

*

ஏலப்பாறை,
2-8-1977

மதிப்பிற்குரிய திரு. நாச்சிமுத்து அவர்களுக்கு,

தங்கள் கடிதம் மிகுந்த மகிழ்ச்சியைத் தந்தது, ‘பெரும்பாலும்’ என்ற சொல் வரை. நான் சொற்களை எண்ணி எழுதுகிறவள். எண்ணி வாசிக்கவும் செய்வேன். மீதி என்ன என்பதை நேரில் வந்து சொல்லக் காத்திருந்தால் இருபதாம் தேதி கடந்துவிடும். உடனே எழுதவும். இனிக்கும்படி எழுத வேண்டியதில்லை.

ஞானஜோதி

*

கொழிஞ்சாம்பாறை,
8-8-1977

அன்புள்ள ஞானஜோதி அம்மாவுக்கு,

சொல்லிவிடுகிறேன். மூன்றாவது பாட்டில், பதினொருவர் பெயருக்கு முன்னால் பேச்சியம்மாள் தனியாகப் பாடும் பகுதி இருக்கிறதே, அதில் கடைசி இரண்டு வரியில் நீங்கள் சுருதியிலிருந்து இறங்கியிருக்கிறீர்கள். இந்தத் தடவை மின்சாரத்தைக் குற்றம் சொல்ல முடியவில்லை. ஆர்மோனியம் அதே இடத்தில் ஐந்தில்தான் நிற்கிறது. நீங்கள் மட்டும் அதற்குக் கீழே இருக்கிறீர்கள். “பேச்சியம்மாள் வந்திருக்கிறேன்” என்று நீட்டும்போது இன்னும் கொஞ்சம்.

உங்களுக்குப் பின்னால் முதலில் பாடுகிறவர் சந்தனம். அவர் உங்களைப் பின்பற்றாமல் ஆர்மோனியத்தைக் கேட்டு எடுத்திருக்கிறார். அதனால் பதினொருவரும் தப்பித்தார்கள். அவர்கள் பகுதியில் கை வைக்க வேண்டாம்.

உங்கள் இரண்டு வரியை அப்படியே விட்டுவிடலாம் என்று நினைக்கிறேன். கேட்கிறவர்களுக்கு உணர்ச்சியில் இறங்கியது போலத் தோன்றும். கமலாத்தாள் அதே பகுதியைப் பாடியதும் என்னிடம் இருக்கிறது. அது பிசகில்லாமல் இருக்கிறது. ஆனால் அதை இனிப் போட எனக்கு மனம் வரவில்லை. உங்களிடம் ஒரு தடவை செய்த அநியாயம் போதும்.

நீங்கள் சொல்கிறபடி செய்கிறேன். பதினைந்தாம் தேதிக்குள் பதில் வந்தால் நல்லது.

நாச்சிமுத்து

*

ஏலப்பாறை,
11-8-1977

மதிப்பிற்குரிய திரு. நாச்சிமுத்து அவர்களுக்கு,

தங்கள் கடிதம் இன்று காலை கிடைத்தது. நாளைக் காலைத் தபாலில் இது புறப்படும். நடுவே நடந்ததைச் சொல்லிவிட்டு என் முடிவைச் சொல்கிறேன்.

மாலையில் பெண்கள் பிள்ளைகளைத் தூக்க வந்தபோது அனைவரையும் உட்காரச் சொல்லி, எல்லாவற்றையும் சொன்னேன். அவர்கள் குரல் நீக்கப்பட்டிருந்தது, பெயர்களைப் பாடக் கமலாத்தாள் தயங்கியது, நான் மழையென்று பொய் சொன்னது, எஞ்சின், சக்கரம், யாவும். சாந்தம்மாள் மட்டும், “எங்கிட்டயுமா பொய் சொன்னீக?” என்றாள். மற்றவர்களிடம் சொன்னதில் அவளுக்கு ஆட்சேபம் இல்லை. பிறகு, கடைசிப் பாட்டில் நான் சுருதி இறங்கியதாகத் தாங்கள் எழுதியிருப்பதையும் வாசித்துக் காட்டினேன். வாசிக்கும்போது என் குரல் எந்தக் கட்டையில் இருந்ததென்று அறியேன். ஒருவரும் ஆச்சரியப்படவில்லை. அதுதான் எனக்கு ஆச்சரியமாக இருந்தது.

“ஒனக்குத் தெரியுமா?” என்று சந்தனத்தைக் கேட்டேன்.

“அப்பமே தெரியும்க்கா. நீங்க எறங்கிட்டீக.”

“ஏன் சொல்லல?”

“யாரு சொல்ல? நீங்க எங்க ஒவ்வொருத்தியையும் திருத்திக்கிட்டே இருந்தீக. ஒங்களத் திருத்துததுக்கு இந்தத் தோட்டத்துல ஆளு ஏது?”

அவர்கள் சிரித்தார்கள். சற்றுப் பொறுத்து நானும் சிரித்தேன். பத்து ஆண்டுகளாக அவர்கள் பிள்ளைகளுக்கு ஆத்திசூடி சொல்லிக் கொடுத்து, அவர்கள் கடிதங்களை எழுதிக் கொடுத்து, எழுதும்போதே அவர்கள் சொன்ன வாக்கியங்களைச் சீர் செய்து வந்திருக்கிறேன். கேட்டதை அப்படியே எழுதியது அவர்களின் பெயர்களை மட்டும்தான் என்று இன்று தோன்றியது.

என் முடிவு இது. அந்த இரண்டு வரியில் நான் பிசகியது உண்மை. உணர்ச்சி என்று அதற்குப் பெயர் சூட்ட வேண்டாம். நான் அப்போது உணர்ச்சிவசப்படவில்லை, மூச்சு போதவில்லை. ஆறு வினாடிக் கணக்கை வைத்துக்கொண்டு தங்களைத் திருத்தியவள், தன் பிழைக்கு அலங்காரம் தேடுவது தகாது. மூன்றாம் பாட்டின் தனிப் பகுதி முழுவதையும் கமலாத்தாள் அவர்களின் குரலிலேயே வைக்கவும். நடு வரியில் குரல் மாறினால் ஒட்டு தெரியும். முதல் இரண்டு பாட்டில் என் குரல் இருக்கட்டும். அவற்றை விட்டுக்கொடுக்கும் அளவுக்கு நான் பெருந்தன்மை உடையவள் அல்லேன். ஒரே பேச்சியம்மாளுக்கு இரண்டு குரலா என்று எவரேனும் கேட்டால், முப்பது ஆண்டுகளில் ஒருத்தியின் குரல் மாறாதா என்று கேளுங்கள்.

இதை அறிவித்ததும் மாரித்தாய் ஒரு கேள்வி கேட்டாள்.

“அந்தக் கமலாத்தா நம்ம பேரச் சொல்ல மாட்டேன்னுதான மொதல்ல சொன்னாக?”

“ஆமா.”

“நாம பதினோரு பேரும் நம்ம பேரச் சொல்லிட்டோம். அவுக பேச்சியம்மா பேரச் சொல்லுதாக. அவுக பேர யாருக்கா சொல்லுதது?”

பாட்டை எழுதியவளுக்குத் தோன்றியிருக்க வேண்டியது, முதலில் தன் பெயரையே பாட மறுத்தவளுக்குத் தோன்றியிருக்கிறது. ஆகவே நாங்கள் பன்னிரண்டு பேரும் சேர்ந்து கேட்டுக்கொள்வது: தாங்கள் உடனே கோயம்புத்தூர் சென்று, நடந்ததை அந்த அம்மையாரிடம் மறைக்காமல் சொல்லி, அவர் விரும்பினால், பதினொருவர் பெயருக்குப் பின் பன்னிரண்டாவதாக, “கமலாத்தாள் வந்திருக்கிறேன்” என்று ஒரு வரி பாடித் தரக் கேட்டு வாங்கவும். ஐந்து கட்டை. ஒரே மூச்சில் வரும். தங்கைகள் உடன் இருந்தால் அவர்களையும் விடவேண்டாம். அவர்கள் பெயரை நாங்கள் அறியோம், அவர்களே சொல்லட்டும். இம்முறை அவர்கள் சாப்பிட்டுவிட்டுப் போகும்படி பார்த்துக்கொள்வது தங்கள் கடமை.

அட்டையிலும் பாடியவர்கள் என்ற தலைப்பின் கீழ் எல்லோரும் ஒரே வரிசையில் வரட்டும். குழுவினர் என்ற சொல் வேண்டாம்.

என்னைப் பொறுத்தவரை, பாட்டில் நான் என் பெயரைச் சொல்லவில்லை. இனிச் சொல்வதற்கும் மூச்சு இல்லை என்பது நிரூபணமாகிவிட்டது. ‘பாடல்கள்: ஞானஜோதி’ என்று தாங்கள் போட்டிருக்கும் வரியே போதும். அதன் எழுத்து மட்டும் மற்றவற்றைவிடச் சற்றுப் பெரிதாக இருக்கட்டும்.

இங்ஙனம்,
ஞானஜோதி